புகார் எழும்போது: நம் பள்ளிகளில் விசாரணை நேர்மையாக நடக்க



ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து உடுப்பைக் களைவதற்குள் பங்கு இல்லத் திண்ணையில் நான்கைந்து பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் கையில் நான்காக மடித்த தாள் இருக்கும். "ஃபாதர், அந்த வாத்தியாரை உடனே வெளியே அனுப்புங்க" என்பார் ஒருவர். "அவரு அப்படிப்பட்டவரு இல்ல ஃபாதர், இது வேற பகை" என்பார் இன்னொருவர். பள்ளி வைத்திருக்கும் எந்தப் பங்கிலும் பணியாற்றிய அருட்பணியாளருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதே. நம் பங்குகளில் பங்குத்தந்தையே தாளாளராகவும் இருப்பது வழக்கம் என்பதால், அந்தத் தாள் நேரே நம் கைக்கே வந்து சேர்கிறது.

வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும்? நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் இதற்கு என்ன வழி காட்டுகின்றன? பெற்றோர், ஆசிரியர், பள்ளிக் குழு உறுப்பினர், பங்குப் பேரவையினர் ஆகிய அனைவரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இரண்டு தவறுகள்

புகார் வந்ததும் நம்மை இழுக்கும் சோதனைகள் இரண்டு. முதலாவது மூடி மறைப்பது. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், திருச்சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவரை ஓசையில்லாமல் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறோம். ஆபத்து அதனால் தீருவதில்லை, வேறு ஊர்ப் பிள்ளைகளின் தலைமேல் போய் இறங்குகிறது. சிறியோருக்கு இடறலாக இருப்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றி ஆண்டவர் பேசியது (மத் 18:6), மறைத்து வைப்பவர்களும் கேட்க வேண்டிய எச்சரிக்கை அல்லவா?

இரண்டாவது அவசரத் தீர்ப்பு. கூட்டம் கூடிவிட்டது, கூச்சல் எழுந்துவிட்டது என்பதற்காக, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவரை முதலில் கேட்காமலும், அவர் செய்தது என்ன என்று அறியாமலும் தீர்ப்பிடுவதை நம் சட்டம் ஏற்கிறதா என்று நிக்கதேம் தலைமைச் சங்கத்தாரிடம் கேட்டார் (யோவா 7:51). அவர்களிடம் பதில் இல்லை, ஏளனமே இருந்தது. சோதோமைப் பற்றிய கூக்குரல் விண்ணை எட்டியபோது, எல்லாம் அறிந்த இறைவனே கீழே இறங்கிச் சென்று உண்மையைப் பார்ப்பதாகத் தொடக்க நூல் சொல்கிறது (தொநூ 18:20-21). அவருக்கே அது முறை என்றால், நமக்கு எவ்வளவு அதிகம்!

முதலில் புகாரின் வகையை அறிதல்

எல்லாப் புகாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. யார் விசாரிக்க வேண்டும் என்பதையே புகாரின் வகைதான் முடிவு செய்கிறது.

1. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிறையாத ஆண், பெண் பிள்ளைகள் அனைவரும் குழந்தைகளே. இத்தகைய குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று அறிய வரும் எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்ததைத் தெரிவிக்கத் தவறினால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு (பிரிவு 21). நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவரைச் சட்டம் காக்கிறது. ஆகவே, "முதலில் நாங்கள் விசாரித்து, உண்மையா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்ல தாளாளருக்கோ தலைமையாசிரியருக்கோ உரிமை இல்லை. பிள்ளையின் பெற்றோரும் ஆசிரியரின் வீட்டாரும் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்பதாலும் இந்தக் கடமை நீங்குவதில்லை.

2. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல். ஆசிரியை, அலுவலகப் பணியாளர், ஆயா என யார் பாதிக்கப்பட்டாலும் 2013ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். மூத்த பெண் பணியாளர் ஒருவர் அதன் தலைவர். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் இடம்பெற வேண்டும். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டித்துத் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

3. பிள்ளைகளை அடித்தல், இழிவாகப் பேசுதல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறுபவர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். காயம் பெரிதானால் குற்றவியல் சட்டமும் வரும்.

4. பணி சார்ந்த முறைகேடு. பணக் கையாடல், போலிச் சான்றிதழ், தொடர்ந்து வராமை, மதிப்பெண் திருத்தம் போன்றவை இதில் அடங்கும். இவற்றை நிர்வாகமே துறைவாரி விசாரணையாக நடத்துகிறது. குற்றச் செயலாகவும் இருந்தால் காவல்துறையிடமும் கொண்டு செல்லலாம்.

பிள்ளை பேசும்போது

தானியேல் நூலின் இணைப்பில் வரும் சூசன்னாவின் வரலாறு நமக்குத் தெரியும். ஊரே தீர்ப்பிட்டு முடித்த பிறகு, இளைஞர் தானியேல் முதியவர்கள் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். சாட்சியம் இரண்டாகப் பிரிந்து போனது. சாட்சிகளைத் தனித்தனியே, குறிப்பான கேள்விகளோடு விசாரிப்பது அன்றும் இன்றும் நேர்மையான முறைதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே தானியேல் மடக்கிக் கேட்டது அதிகாரம் உள்ளவர்களை. அவர் காத்தது நாதியற்று நின்றவரை. அந்தக் கதையைக் காட்டி, அழுதுகொண்டு நிற்கும் ஒரு பிள்ளையைத் தலைமையாசிரியர் அறையில் ஆறு பெரியவர்கள் சுற்றி அமர்ந்து குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. குழந்தையின் வாக்குமூலத்தை எப்படிப் பதிய வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் காவல் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். நம் வேலை, பிள்ளை தானாகச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்பது, சொன்ன சொற்களிலேயே குறித்து வைப்பது, "சொன்னது நல்லது" என்று தைரியம் கொடுப்பது, உடனே உரியவர்களுக்குத் தெரிவிப்பது. திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளையை நோகடிக்கும், வழக்கையும் கெடுக்கும். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும்.

நேர்மையான விசாரணையின் படிகள்

துறைவாரி விசாரணைக்கு அடிப்படை, இயற்கை நீதி என்று சட்டம் அழைக்கும் இரண்டு கோட்பாடுகள். ஒருவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. இவற்றிலிருந்து பின்வரும் படிகள் பிறக்கின்றன.

முதலில், புகாரை எழுத்தில் பெற வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் சொல்வதை எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறலாம். பெயரில்லாத கடிதத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதை மட்டும் வைத்துத் தண்டிக்கவும் வேண்டாம். அதில் சரிபார்க்கக்கூடிய செய்தி இருந்தால் அமைதியாகச் சரிபார்க்கலாம்.

அடுத்து, முதல்நிலை விசாரணை. மேற்கொண்டு செல்ல அடிப்படை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இது. குற்றம் உறுதியாகிவிட்டது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

அடிப்படை இருந்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை தர வேண்டும். என்ன நாள், என்ன இடம், என்ன செயல், எந்த ஆவணம், யார் சாட்சி என்பது தெளிவாக இருக்க வேண்டும். "நடத்தை சரியில்லை" என்ற ஒற்றை வரிக்கு எவராலும் விளக்கம் எழுத முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் '17 ஏ', '17 பி' என்று பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான். முதலாவது சிறு தண்டனைக்கும் இரண்டாவது பெருந்தண்டனைக்குமான நடைமுறை.

பதில் எழுதப் போதிய கால அவகாசம் கொடுக்க வேண்டும். பிறகு, இந்தப் பிரச்சினையில் தொடர்பில்லாத ஒருவரை விசாரணை அலுவலராக அமர்த்த வேண்டும். புகார் கொடுத்தவரோ, சாட்சியாக வரக்கூடியவரோ, ஏற்கெனவே ஒரு பக்கம் பேசியவரோ அந்த நாற்காலியில் அமரக் கூடாது. தாளாளருக்கே அந்த ஆசிரியரோடு பழைய மனத்தாங்கல் இருந்தால், மறைமாவட்டக் கல்விச் செயலரிடம் சொல்லி விலகிக்கொள்வதே அழகு.

விசாரணையில் சாட்சிகளைக் கேட்கவும், தம் தரப்புச் சாட்சிகளைக் கொண்டுவரவும், ஆவணங்களைப் பார்க்கவும் அவருக்கு வாய்ப்பு வேண்டும். விசாரணை அலுவலரின் அறிக்கை நகலை, இறுதி முடிவு எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தர வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் இரண்டுக்கும் இது பொருந்தும் என்றும் சொன்னது. இறுதி ஆணையில் காரணங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும், தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பணியிடை நீக்கம் தண்டனை அன்று

பணியிடை நீக்கத்தை நம் மக்கள் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. பிள்ளைகளுக்கு ஆபத்து நேராமலும், சாட்சிகள் மிரட்டப்படாமலும், ஆவணங்கள் திருத்தப்படாமலும் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம். பிள்ளைகளின் பாதுகாப்பு தொடர்பான புகாரில், அந்த ஆசிரியர் பிள்ளைகளோடு இருக்கும் நிலையை அன்றே மாற்ற வேண்டும். அதில் தயக்கம் கூடாது. எல்லாப் புகாருக்கும் இதே மருந்து தேவையில்லை.

தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம், பணியிடை நீக்கத்துக்கு 2 மாதம் என்று வரம்பு விதித்தது. தாமதத்துக்கு அந்த ஆசிரியரே காரணம் என்றால் மட்டும் மேலும் 2 மாதம் நீட்டிக்க இடமளித்தது. 2018இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023இல் அதன் இடத்துக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் பிரதியும் விதிகளும் ஒவ்வொரு தாளாளரின் மேசையிலும் இருப்பது நல்லது. 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிட்டால் பணியிடை நீக்கத்தை அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்றது. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் தருவது கருணையினால் அல்ல, கடமையினால். பிழைப்பூதியம் கிடைக்காததால் விசாரணைக்கு வர முடியாமல் போன ஒருவரின் வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையையே செல்லாது என்றது.

நாம் செய்த தவறு

நம் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் தாளாளராக இருந்த ஒரு பள்ளியில், மாணவர் சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தில் 18,400 ரூபாய் கணக்கில் இல்லை என்று புகார் வந்தது. பொறுப்பாக இருந்த ஆசிரியர் நம் பங்கைச் சேர்ந்தவர், பாடகர் குழுவில் இருந்தவர். பெற்றோர் கூடிவிட்டார்கள். நாம் அன்று மாலையே அவரைப் பணியிடை நீக்கம் செய்தோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னிலையில் அதை அறிவிக்கவும் செய்தோம். குறிப்பாணை கொடுக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். சட்டம் விதித்த வரம்பை நாமே மீறினோம்.

ஆறாம் மாதம், பேறுகால விடுப்பு முடிந்து அலுவலகப் பணியாளர் திரும்பி வந்தார். அலமாரியின் அடித்தட்டில் இன்னொரு ரசீதுப் புத்தகமும், வங்கியில் பணம் கட்டிய சீட்டும் இருப்பதை எடுத்துக் காட்டினார். பணம் பள்ளிக் கணக்கிலேயே, வேறு தலைப்பின் கீழ் இருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டியது அது.

ஆசிரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். விடுவிப்பு ஆணையை உறையில் போட்டுக் கையில் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை. "ஃபாதர், அன்னைக்கு அசெம்பிளியில சொன்னீங்க இல்ல, இதையும் அசெம்பிளியில ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார். நிர்வாகத்தின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று தயங்கி, நாம் அதைத் தள்ளிப்போட்டோம். அடுத்த கல்வியாண்டு ஜூனில்தான் சொன்னோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் பலருக்கு அவர் இன்றும் பணத்தைக் கையாடியவர்தான். அவர் பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. பக்கத்துப் பங்கில் திருப்பலி காணப் போகத் தொடங்கினார். நற்செய்தி அறிவிக்க வந்த நாம், ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய ஒரே ஒரு நல்ல செய்தியை அறிவிக்காமல் விட்டோம்.

திருச்சபைச் சட்டம் சொல்வது

எவருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் எண். முதல்நிலை விசாரணையிலேயே இதில் கவனம் வேண்டும் என்கிறது 1717ஆம் எண். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவராகவே கருதப்பட வேண்டும் என்பது 1321ஆம் எண்ணில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் திருச்சபை நினைக்கவில்லை. அருட்பணியாளர், துறவியர் மீதான பாலியல் புகார்கள் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வழங்கி, 2023இல் புதுப்பித்த விதிமுறைகளில், புகார் கொடுத்தவர்மீது மௌனத்தைச் சுமத்தக் கூடாது, அவரைப் பழிவாங்கக் கூடாது, பாதிக்கப்பட்டோர்க்குத் துணைநிற்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. நாட்டுச் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய கடமையை இவை நீக்குவதில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. நம் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் துறவியரும் அருட்பணியாளரும் இருப்பதால், இவற்றை அறியாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை.

மெய்ப்பித்தல் பற்றி ஒரு விளக்கம்

"கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, பள்ளி மட்டும் எப்படித் தண்டிக்கலாம்?" என்று கேட்பவர் உண்டு. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கச் சொல்கிறது. துறைவாரி விசாரணையில், சான்றுகளைச் சீர்தூக்கினால் எது நடந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று பார்த்தால் போதும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம். ஆனாலும் "ஊரெல்லாம் பேசுகிறார்கள்" என்பது எந்த அளவுகோலிலும் சான்று ஆகாது.

இன்னொன்று. புகார் மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் புகார் பொய் என்று பொருள் அல்ல. 2013ஆம் ஆண்டின் சட்டம், புகாரை நிலைநாட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்த பெண்மீது நடவடிக்கை கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தீய நோக்கம் இருந்ததென்று தனியே விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பேச்சு. போக்சோ சட்டமும் பொய்ப் புகாருக்குக் குழந்தையைத் தண்டிப்பதில்லை.

இறைமக்களாக நம் பங்கு

விசாரணை நடக்கும் காலத்தில் பங்கு மக்களாகிய நமக்கும் கடமைகள் உண்டு.

பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பிள்ளையின் பெயர், வீடு, வகுப்பு, படம் எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தில் அனுப்பினாலும், போன செய்தி திரும்பி வராது.

புகார் கொடுத்த குடும்பத்தைக் கோயிலில் ஒதுக்கக் கூடாது. "பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்டாங்க" என்று பேசக் கூடாது. மானத்தை வாங்கியது தவறு செய்தவர். தைரியமாகச் சொன்னவர் அல்ல.

குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி, மக்களையும் நாம் தண்டிக்கக் கூடாது. அவர்கள் வீட்டுக்குச் செல்ல ஒருவர் இருக்க வேண்டும். விசாரணையில் தொடர்பில்லாத அருட்பணியாளரோ அன்பிய வழிகாட்டியோ சென்று பார்க்கலாம். இரு வீட்டுக்கும் ஒரே ஆளே செல்ல வேண்டாம்.

சாதி, ஊர்ப் பகை, சங்கப் பிரிவு ஆகியவற்றைக் கொண்டு பக்கம் பிரியக் கூடாது. நம்மவர் என்பதற்காக ஒருவர் நல்லவராவதும் இல்லை, அடுத்தவர் என்பதற்காகக் கெட்டவராவதும் இல்லை.

முடிவு வந்தபின், குற்றம் உறுதியானால், தண்டனை நிறைவேறட்டும். நற்சான்றிதழ் கொடுத்து அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டாம். குற்றமற்றவர் என்று தெளிந்தால், எவ்வளவு பேர் காதில் புகார் விழுந்ததோ அவ்வளவு பேர் காதிலும் விடுவிப்பு விழ வேண்டும். அதே கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில்.

நிறைவாக

அடுத்த ஞாயிறு யாராவது ஒரு தாளோடு பங்கு இல்லத் திண்ணையில் நிற்கக்கூடும். அந்தத் தாளின் ஒரு பக்கத்தில் ஒரு பிள்ளையின் பாதுகாப்பு இருக்கலாம், மறுபக்கத்தில் ஒரு மனிதரின் வாழ்நாள் பெயர் இருக்கலாம். இரண்டையும் நம்மிடம் ஒப்படைத்திருப்பவர் ஒருவரே. ஒன்றைக் காக்க மற்றதைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. முறையாக நடந்தால் இரண்டையும் காக்கலாம். முறை தவறினால் இரண்டையும் இழப்போம். புகாரை மறைக்காத துணிவையும், தீர்ப்பிட அவசரப்படாத பொறுமையையும், தவறியபோது பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் தாழ்ச்சியையும் இறைவனிடம் கேட்போம்.

இறைவன் நம் பள்ளிகளையும், அவற்றில் பயிலும் பிள்ளைகளையும், பயிற்றுவிக்கும் ஆசிரியர்களையும் காத்து ஆசீர்வதிப்பாராக!